பழைய படைத்துவக்குகளின் முத்திரைகள்: கேள்வி பதில்

கல்லடி: அண்ணன், அப்பப்பாவின் ட்றங்குப் பெட்டிக்குள் கன்வஸ் துவக்குறை ஒன்று கிடக்கு. 'சி' எழுத்துக்குள் அம்புக்குறி. என்ன அது?

கனடாப் படை முத்திரை, தம்பி. வெறும் அம்பு என்றால் பிரித்தானிய அரச சொத்து. இரண்டு 'டி'க்கு நடுவில் நின்றால் அவுஸ்திரேலியா. உட்பக்கம் மையால் குத்திய பெயரோ ஆண்டோ தெரியுதா பாருங்க. சவர்க்காரம் போட்டுக் கழுவிடாதீங்க, மை போயிடும்.

கல்முனை: சேர், அமெரிக்காவில் இருக்கிற மச்சான் வெப்லி றிவோல்வர் ஒன்றின் படம் அனுப்பினார். இரண்டு அம்பு முனையோடு முனை முட்டி நிக்குது. போலியா?

போலி இல்லை. படை கழித்து வித்ததற்கு அடையாளம். தோட்டா உருளைக்கு மேலே ஓடும் மேற்பட்டியில் ரோமன் ஆறு (VI) இருந்தால், 1915இல் பிரித்தானியப் படை ஏற்ற மார்க் 6, அதாவது ஆறாவது வடிவம். பிடியின் அடி சதுரமாக இருக்கும், குழல் ஆறு அங்குலம். முந்தின மார்க்குகளின் பிடி கிளிமூக்கு மாதிரி வளைந்திருக்கும். அம்பைவிட முக்கியம் தோட்டா உருளையின் பின்முகம்: சீவியிருக்கா என்று பார்க்கச் சொல்லுங்க. .455 தோட்டாவுக்குச் செய்ததை, .45 ஏசிபி என்ற அமெரிக்கப் பிஸ்டல் தோட்டா ஏறட்டும் என்று பிறகு பலர் சீவிவிட்டார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் இந்தத் துவக்குக்குக் கூட. விலையும் விழும்.

ஏறாவூர்: நானா, கிணறு வெட்டக்குள்ள கறள் பிடிச்ச பிஸ்டல் ஒன்று வந்திருக்கு. எப்படித் துடைச்சு இலக்கம் பார்க்கிற?

துடைக்கவே வேணாம், தொடவும் வேணாம். கறள் பிடித்த தோட்டாவும் வெடிக்கும், பக்கத்தில் ஷெல்லும் புதைந்திருக்கலாம். வேலையை நிப்பாட்டி, ஆட்களை விலக்கி 119க்கு அழையுங்க.

அக்கரைப்பற்று: பி-38 என்ற ஜெர்மன் படைப் பிஸ்டலில் 'பிவைஎஃப் 44' என்று இருக்கு. உரிமையாளர் பெயரா?

தொழிற்சாலையை எதிரி அறியாமல் இருக்க ஜெர்மனி கொடுத்த குறியீடு. பிவைஎஃப் மவுசர், ஏசி வால்தர், சிவைகியூ ஸ்ப்ரேவெர்க். 44 என்றது 1944. பிஸ்டலின் உடற்சட்டத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒன்று குத்தியிருந்தால், சோவியத் படை கைப்பற்றிப் பழுது பார்த்ததாக இருக்கும். அப்படியானதில் பாகங்கள் கலந்திருக்கும். உடற்சட்டத்திலும், அதன்மேல் முன்பின்னாக ஓடும் மேற்சறுக்கியிலும் இலக்கம் ஒன்றா என்று பாருங்க.

சம்மாந்துறை: ஜப்பான் படையின் நம்பு பிஸ்டலில் 18.6 என்று இருக்கு. 1918ஆ?

இல்லை. ஜப்பான் பேரரசரின் ஆட்சிக் கணக்கில் ஷோவா 18ஆம் ஆண்டு, ஆறாம் மாதம். 1925ஐக் கூட்டினால் 1943 யூன். விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையம் சிறிசு என்றால் முந்தினது. கையுறை போட்ட விரல் நுழையப் பிறகுதான் பெரிசாக்கினார்கள். 1943 திகதியோடு சின்ன வளையம் வந்தால், எங்கேயோ பாகம் மாறியிருக்கு.