ஷெட்டில் முடங்கிய அப்பாவின் புல்லட்: மெக்கானிக் வண்டியைத் தடுத்து வைக்கலாமா?

கேள்வி: என் தந்தை 1974-இல் வாங்கிய என்ஃபீல்டு புல்லட்டை, அவர் காலமான பிறகு, பழையபடி சீரமைப்பதற்காகத் திருச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். பேசிய தொகை 65,000 ரூபாய். கெடு மூன்று மாதம். எழுத்தில் எதுவும் இல்லை. ஜிபேயில் 45,000 ரூபாய் அனுப்பியுள்ளேன். இடையில் 6,000 ரூபாய்க்குக் குரோம் வேலை செய்யவும் வாட்ஸ்அப்பில் சம்மதித்தேன். பதினான்கு மாதங்களாகியும் வேலை முடியவில்லை. வண்டியிலிருந்த அமால் கார்புரேட்டரையும் காணவில்லை. இப்போது விலை உயர்வுக்காக 25,000, ஷெட் வாடகை 15,000 கொடுத்தால்தான் வண்டி என்கிறார், "ஆர்.சி. உங்கள் பெயரில் இல்லையே" என்றும் சொல்கிறார். நான் தஞ்சாவூரில் வசிக்கிறேன். ஆட்களுடன் சென்று வண்டியை ஏற்றி வந்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழுது பார்க்கக் கொடுத்த கைக்கடிகாரத்தை, கூலி பாக்கி இருக்கும்போது கடைக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறவர், அது தன் சொந்தக் கடிகாரமே என்றாலும் திருட்டுக் குற்றம் செய்தவராகலாம் என்று 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே உதாரணம் காட்டியது; இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் நிலைமை அதுவே. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது, அவர் உங்கள்மீது புகார் கொடுக்க நீங்களே வழி செய்து கொடுக்கக் கூடாது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-ஆம் பிரிவின்படி, உழைப்பையும் திறமையையும் செலுத்தி ஒரு பொருளில் வேலை செய்தவருக்கு, உரிய கூலி கிடைக்கும்வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பற்றுரிமையை அளிக்கிறது. ஆனால் அந்த உரிமை, ஒப்படைத்த நோக்கத்தின்படி செய்து கொடுத்த வேலைக்கான கூலிக்கு மட்டுமே உரியது. கெடு தாண்டியும் முடிக்காத வேலைக்காகவும், தன் தாமதத்தால் வண்டி ஷெட்டில் நின்ற நாட்களுக்கான வாடகைக்காகவும் அதைப் பிடித்து வைக்க முடியாது என்பதே என் கருத்து. உங்கள் சம்மதம் பெறாத விலை உயர்வையும் உங்கள் தலையில் கட்ட முடியாது. அதே சமயம், குரோம் வேலைக்கு நீங்கள் சம்மதித்திருப்பதால், அதை அவர் செய்து முடித்திருந்தால் அந்த 6,000 ரூபாய் அவருக்குச் சேர வேண்டியதுதான். ஆக, மொத்தம் 71,000 ரூபாயில் நீங்கள் தர வேண்டியது, வேலை முழுவதும் முடிந்தால், 26,000 ரூபாய். இதை மறைக்காமல், வழக்கறிஞர் மூலம் அவருக்கு அனுப்பப்போகும் நோட்டீஸிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். நாணயமாகக் கணக்குச் சொல்பவரை எந்த மன்றமும் நம்பும்.

ஆர்.சி. பற்றிய பேச்சு எடுபடாது. உங்கள் கையிலிருந்து வண்டியை வாங்கிக்கொண்டவர், அதை ஒப்படைக்க உங்களுக்கு அதிகாரமில்லை என்று பின்னர் வாதிடச் சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனாலும், வாரிசு என்ற முறையில் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றத்தை இனியும் தள்ளிப் போடாதீர்கள்.

நோட்டீஸ் போகும் முன்பே ஒரு முறை சுமுகமாக ஷெட்டுக்குச் சென்று வாருங்கள். சேசிஸ் எண்மீதும், கிரேங்க் கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதி உலோகக் கூட்டில்) பொறித்திருக்கும் இன்ஜின் எண்மீதும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி. புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். கார்புரேட்டர் காணாமல் போனதுபோல் கிரேங்க் கேஸும் மாற்றப்பட்டிருந்தால், போன பொருளின் மதிப்பு மட்டுமல்ல, வண்டியின் பதிவே சிக்கலுக்குள்ளாகும். ஒவ்வொரு பாகத்தையும் தேதி தெரியுமாறு படம் எடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் குரல் பதிவுகளையும் அழிக்காதீர்கள். அந்த மொபைலையே பத்திரப்படுத்துங்கள்.

பிறகு வழக்கறிஞர் மூலம், பதினைந்து நாட்களுக்குள் வேலையை முடித்து, கழற்றிய பழைய பாகங்கள் அனைத்துடனும் வண்டியைத் தர வேண்டும், 26,000 ரூபாய் தயாராக உள்ளது என்று ஒப்புகையுடன் கூடிய தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பலனில்லையென்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் தஞ்சாவூரிலேயே மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணம் கிடையாது. அவகாசம் இரண்டு ஆண்டுகள். கெடு தவறிய நாளிலிருந்து கணக்கிட்டால் பதினொரு மாதங்கள் போய்விட்டன. வண்டியை விற்கவோ பிரிக்கவோ கூடாது என இடைக்கால உத்தரவும் கேளுங்கள்.

அவர் வண்டியைத் தரவே மறுத்தால், உரிமையியல் நீதிமன்றமும் இருக்கிறது. பணத்தால் ஈடுசெய்ய முடியாத பொருளை அப்படியே திருப்பித் தருமாறு உத்தரவிட 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் இடமளிக்கிறது. தந்தை ஓட்டிய வண்டியைவிட அதற்குப் பொருத்தமான பொருள் வேறென்ன இருக்க முடியும்?

காவல் நிலையத்தைக் கடைசியில் நாடுங்கள். கார்புரேட்டரை அவர் விற்றுவிட்டார் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால், அது நம்பிக்கை மோசடியாகும். சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவின்கீழ் புகார் அளித்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெறுங்கள். ஆதாரமின்றிச் சென்றால் 'சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வண்டி வந்ததும் முடிவு செய்ய ஒன்று மிச்சமிருக்கும். முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த வண்டிக்கு, 2021-இல் வந்த விதிகளின்படி, 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்து ஆண்டுகளுக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். ஆனால் சேசிஸும் இன்ஜினும் மூல வடிவில் இருக்க வேண்டும், அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டவும் கூடாது. அப்பாவைப் போல நீங்களும் தினமும் அதில் போய்வர விரும்பினால், வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.