பிடுங்கப் பிடுங்க வரும் உண்ணி

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறைக் கலப்பு நாய் போன மாதம் காய்ச்சலில் சாப்பிடாமல் படுத்துவிட்டது. ரத்தம் பார்த்த டாக்டர், உண்ணி கடித்துப் பரவும் எர்லிச்சியா நோய் என்று சொல்லி 28 நாளுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தார். பத்து நாளில் எழுந்து ஓடியதால் நிறுத்திவிட்டோம். உப்புத் தண்ணீரில் உண்ணி சாகும் என்றார்கள். வாரந்தோறும் கடலில் குளிப்பாட்டுகிறோம். பிடுங்கப் பிடுங்க வருகிறது. தடுப்பூசி உண்டா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தடுப்பூசி இல்லை அம்மா. உண்ணியை ஒழிப்பதுதான் வழி.

அதற்கு முன்னால் மாத்திரை. எர்லிச்சியா கிருமி வெள்ளையணுவுக்குள் புகுந்து உட்காரும். காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் பதுங்கிக் கிடந்து, மூக்கில் ரத்தமும் வெளுத்த ஈறுமாகத் திரும்பி வரும். எலும்பு மஜ்ஜை கெட்ட பிறகு காப்பாற்றுவது கடினம். மிச்ச மாத்திரையை நீங்களாகத் தொடராமல், இந்த வாரமே டாக்டரிடம் நிறுத்தியதைச் சொல்லி ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். வெறும் வயிற்றில் டாக்சிசைக்ளின் குமட்டும், சோற்றோடு கொடுங்கள்.

கடல் குளியலில் நாய்க்குக் கொண்டாட்டம், உண்ணிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் நாய் நனையக் கூடாது. வாரந்தோறும் கடலில் இறங்கும் நாய்க்கு அது சரிப்படாது. மாதம் ஒருமுறை கொடுக்கும் அஃபாக்சோலானர் அல்லது 12 வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் ஃப்ளூரலானர் மாத்திரையை எடைக்கேற்ப எழுதி வாங்குங்கள். முன்பு வலிப்பு வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி வீடு. நாயின் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை போல உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரேறி, ஏதாவது விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். பொரித்த குஞ்சு வளர்ந்து முடிப்பதற்குள் மூன்று தடவை நாயின் மேல் ஏறி இறங்கும். நம் வெக்கையில் இதற்கு ஓய்வு மாதமே கிடையாது. இன்று ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள்: நாய் படுக்கும் திண்ணை மூலை, நிலைக்கதவு இடுக்கு, ஓலைக் கொட்டகையில் கீற்று கட்டிய இடம். விரிசலைச் சிமென்ட் வைத்து அடையுங்கள், பழைய சாக்கைக் கொளுத்துங்கள். சுவருக்கு அடிக்கும் மருந்தை டாக்டரிடமே கேளுங்கள். முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் தடவும் வைத்தியம் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துபோகும். ஆட்டுக்கு வாங்கிய மருந்தையும் நாய்க்கு ஊற்றாதீர்கள். மீன் வாசனைக்குப் பூனை வராத வீடு உங்கள் பக்கம் ஏது? பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து பட்டால் பூனை செத்துவிடும். பிடுங்கிய உண்ணியை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட் பாட்டிலில் போடுங்கள்.

சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அது உண்ணி பரப்பும் இன்னொரு நோயான பபேசியாவாக இருக்கலாம். அதற்கு டாக்சிசைக்ளின் மட்டும் போதாது, வேறு மருந்து வேண்டும்.