விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ன படித்தான்? உயிரைப் படைக்கும் வெறி அவனுக்கு எப்படி வந்தது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் விக்டர் டாக்டர் இல்லை, பட்டம் வாங்கியதாகவும் எங்கும் வராது. மின்னல் வெட்டும் கோபுரம், கூன் விழுந்த உதவியாள் எல்லாம் சினிமாக்காரர்கள் சேர்த்த சரக்கு. மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட கதையில், பிண உறுப்புகளைக் கோத்து ஓர் உருவத்துக்கு உயிர் கொடுக்கும் அவன் இருபது வயதை ஒட்டிய ஒரு மாணவன், அவ்வளவுதான்.

வெறிக்கு விதை விழுந்தது 13 வயதில். குடும்பத்தோடு ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள தோனோன் பக்கம் போன இடத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. விடுதியில் அடைபட்டுக் கிடக்கும்போது மாயவித்தை பற்றி எழுதிய கொர்னேலியஸ் அக்ரிப்பாவின் பழைய நூல் ஒன்று கையில் கிடைக்கிறது. அப்பா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இது வெறும் குப்பை, இதில் நேரத்தை வீணாக்காதே என்கிறார். ஏன் குப்பை என்று சொல்லவில்லை. பையன் விடுவானா? அப்புறம் பாராசெல்சஸ், ஆல்பெர்ட்டஸ் மாக்னஸ் என்று ரசவாதிகளைத் தேடித் தேடிப் படிக்கிறான். சாவை வெல்லும் அமுதம்தான் அவன் கனவு.

அன்று அப்பா கொஞ்சம் விளக்கியிருந்தால் தன் வாழ்க்கையே மாறியிருக்கும் என்று பின்னாளில் விக்டர் புலம்புகிறான். எனக்கு இந்தப் புலம்பலில் நம்பிக்கை இல்லை. 15 வயதில், ஒரு மரத்தை மின்னல் சிதறடிப்பதைப் பார்த்து அவன் வியந்து நிற்கும்போது, மின்சாரம் என்றால் என்ன என்று விளக்குவது அதே அப்பாதான். சின்னதாக ஒரு மின் இயந்திரம் செய்து காட்டுகிறார், கம்பி கட்டிய காற்றாடியும் விட்டுக் காட்டுகிறார். 1831-இல் திருத்திய பதிப்பில் இந்த வேலையை அப்பாவிடமிருந்து எடுத்து வேறொரு அறிஞரிடம் கொடுத்துவிட்டார் மேரி ஷெல்லி. பழைய பதிப்பைப் படித்தால் பழியைத் தூக்கி அடுத்தவர் தலையில் போடும் விக்டரின் சுபாவம் இன்னும் நன்றாகத் தெரியும்.

17 வயதில் ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகம். கிளம்பும் முன்பே அம்மா செங்காய்ச்சலில் இறந்துபோகிறாள். அங்கே பேராசிரியர் கிரெம்ப் அவன் படித்த நூல்களைக் கேட்டு, எல்லாம் அபத்தம் என்கிறார். வேதியியல் நடத்தும் வால்ட்மனோ அந்தப் பழையவர்கள் போட்ட அடித்தளத்தில்தான் நாம் நிற்கிறோம் என்கிறார். அன்றைய அறிவியலின் சாதனைகளை அவர் அடுக்க அடுக்க, பையன் அன்றே முடிவெடுத்துவிடுகிறான். ஆசை ரசவாதிகளிடமிருந்து வந்தது, கருவி மட்டும்தான் பல்கலைக்கழகம் கொடுத்தது. இந்தக் கலவைதான் விபரீதம். கணிதம் உட்பட எல்லாத் துறையையும் படி என்று வால்ட்மன் சொன்னதும் உண்டு. ஆனால் அவன் போனது உடற்கூறியல், பிணக்கிடங்கு என்று ஒரே திசையில்.

எப்படி வேலை செய்தான் என்பதற்கு ஒரே ஒரு விவரம் போதும். அந்த உருவம் ஏன் எட்டு அடி தெரியுமா? மனித அளவில் நரம்பும் தசையும் மிகச் சிறியவை, கோக்க நேரம் பிடிக்கும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாவற்றையும் பெரிதாக்கிக்கொண்டான்! அப்படிப் பிறந்த ஒன்று எந்த ஊரில் எப்படி வாழும் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. மாடி அறையைப் பூட்டிக்கொண்டு செய்ததால், கேட்க இன்னொரு ஆளும் இல்லை.

மேரி ஷெல்லி காலத்து வாசகர்களுக்கு இது முழுக் கற்பனையாகத் தெரிந்திருக்காது. மின்சாரம் பட்டால் செத்த தவளையின் கால் துடிப்பதைப் பற்றி இத்தாலிய விஞ்ஞானி கால்வானி 1791-இல் எழுதிவிட்டார். அவருடைய சகோதரி மகன் அல்தினி 1803-இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். ஆனால் விக்டர் என்ன முறையைக் கையாண்டான் என்பது நாவலில் கிடையாது. அவன் வாயாலேயே இந்தக் கதையைக் கேட்கும் கப்பல் தலைவன் வால்டனிடம்கூடச் சொல்ல மறுத்துவிடுகிறான்.

வெறிக்கு அடியில் இருந்தது அம்மாவின் சாவு என்றுதான் நான் படிக்கிறேன். உயிரற்றதற்கு உயிர் கொடுக்க முடிந்தால், என்றாவது செத்தவர்களையும் மீட்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்கிறான். அந்த உருவம் கண் திறந்த இரவு, பயந்து ஓடிப்போய்ப் படுத்தவனுக்குக் கனவில் வருவதும் அம்மாவின் பிணம்தான்.