முதலில் 555 புத்தகத்தைத் திறங்கள்

சிறுதொழில்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களிலும் புலன (வாட்ஸ்அப்) செய்திகளிலும் நான்கை எடுத்துக்கொண்டேன். நால்வரும் வேறு வேறு தொழில், வேறு வேறு ஊர். ஆனால் நான்கையும் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவர்கள் யாருக்கும் உழைப்பில் குறையில்லை, 555 புத்தகம் என்கிற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிப் பார்க்காமல் மனதிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"ஐயா, நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் 9 வருடமாக வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் அம்மாவும் நானும் முறுக்கு சுட்டு, போத்தல் 18 வெள்ளிக்கு விற்கிறோம். வாரம் 20 போத்தல், ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. சாமான் செலவு 7 வெள்ளிதான், ஆக போத்தலுக்கு 11 வெள்ளி லாபம். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? சித்தப்பா மகன் ஓர் அங்காடிக் கடை காலியாக இருக்கிறது, உடனே எடு என்கிறான்."
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் உங்களிடம் நான்கு விவரம் திருப்பிக் கேட்டிருந்தேன், மறுநாளே பதில் அனுப்பினீர்கள், அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். அந்தச் சிவப்பு மூடி போத்தலும் ஸ்டிக்கரும் 1 வெள்ளி 50 சென். எரிவாயு, கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஒரு சனிக்கிழமைக்கு 40 வெள்ளி. காலை 6 மணிக்கு மாவு பிசைய ஆரம்பித்தால் மூடி போட்டு முடிக்க மதியம் 3 மணி. இரண்டு பேர்.

இப்போது எழுதிப் பார்ப்போம். 20 போத்தல் 360 வெள்ளி. சாமான் 140, போத்தல் 30, எரிவாயுவும் பெட்ரோலும் 40. மிச்சம் 150 வெள்ளி. நீங்கள் 9 மணி நேரம், அம்மா 9 மணி நேரம், மொத்தம் 18 மணி நேரம். வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 8 வெள்ளி 33 சென் வருகிறது. மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 சென். அதாவது எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கும் உங்களுக்கும் அம்மாவுக்கும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேல் 16 சென்தான் கிடைக்கிறது. போத்தலுக்கு 11 வெள்ளி லாபம் என்று நீங்கள் நினைத்ததில் பெரும்பகுதி உங்கள் இருவரின் கூலி, அதில் பாதி அம்மாவுக்கு இதுவரை கொடுக்கப்படாத கூலி. இதன்மேல் அங்காடிக் கடை வாடகை வந்து உட்கார்ந்தால் எதில் இருந்து கொடுப்பீர்கள்?

மனம் தளர வேண்டாம். செய்வதெல்லாம் விற்றுப் போகிறது என்று எழுதினீர்களே, அதுதான் உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி. ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றால் விலை குறைவாக இருக்கிறது என்று அர்த்தம். 22 வெள்ளி ஆக்குங்கள். 20 பேரில் 5 பேர் விலகிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 15 போத்தல் 330 வெள்ளி, சாமான் 105, போத்தல் 22 வெள்ளி 50 சென், மற்றது அதே 40. மிச்சம் 162 வெள்ளி 50 சென். ஐந்து வாடிக்கையாளர் போன பிறகும் முன்பைவிடக் கூடுதலாக நிற்கிறது, அடுப்படியில் நிற்கும் நேரமும் குறைகிறது. ஒருவரும் விலகாவிட்டால் 230. விலை ஏற்ற பயந்துகொண்டு நம் பெண்கள் எத்தனை பேர் இப்படி இடுப்பொடிய வேலை செய்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வேலையை இப்போது விட வேண்டாம். சம்பளத்தை மட்டும் எண்ணாதீர்கள், முதலாளி உங்கள் ஊழியர் சேமநிதியில் போடும் 13 விழுக்காடு, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு, மருத்துவ வசதி, இதையெல்லாம் சேர்த்து எண்ணுங்கள். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதத்தை வைத்தும் முடிவெடுக்காதீர்கள், அப்போது யார் முறுக்குச் சுட்டாலும் விற்கும். மார்ச், ஏப்ரல், மே மாதிரி சாதாரண மூன்று மாதம் தொடர்ந்து, உங்கள் கையில் நிற்கும் பணம் இப்போதைய சம்பளத்தில் பாதியைத் தொட்டால் அப்போது எனக்கு மறுபடியும் எழுதுங்கள், பேசலாம்.

அதற்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவு. சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 வெள்ளி, தனிக் கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி, தொழில் ஆரம்பித்து 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி, நீங்கள் தாண்டிவிட்டீர்கள், இந்த வாரமே போய்விடுங்கள். டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் அம்மாவுக்கும் சேர்த்து முடித்துவிடுங்கள். சித்தப்பா மகனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

"என் வொர்க்‌ஷாப்பில் 4 பையன்கள். ஊக்கமே இல்லை, நேரத்துக்கு வருவதில்லை. ஒரு தன்முனைப்புக் கருத்தரங்கு இருக்கிறது, ஆளுக்கு 480 வெள்ளி. அனுப்பலாமா?"
– வாசகர், ஜெலுத்தோங்

அண்ணே, 1,920 வெள்ளி. அதை எடுத்து வைத்துவிட்டு முதலில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். போன ஆறு மாதத்தில் சம்பளம் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், சேமநிதியை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டினீர்களா? இப்போது பையன்கள் கைப்பேசியிலேயே சேமநிதிக் கணக்கைப் பார்க்கிறார்கள். அங்கே ஒரு மாதம் காலியாக இருந்தால், எந்தப் பேச்சாளர் வந்து மேடையில் குதித்தாலும் திங்கட்கிழமை அவன் பத்து மணிக்குத்தான் வருவான். இரண்டாவது, நான்கு பேரையும் தனித்தனியாக டீக்கடைக்குக் கூட்டிப் போய், வேலையில் உனக்கு எது ரொம்பத் தொந்தரவு என்று கேட்டுவிட்டுப் பேசாமல் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வொர்க்‌ஷாப்பில் இதைக் கேட்டபோது கிடைத்த பதில், காரைத் தூக்கும் நல்ல ஜேக் ஒன்றுதான் இருக்கிறது, அதற்காகக் காத்திருந்தே பாதி நாள் போகிறது என்பது. முதலாளிக்கு அது தெரியவே தெரியாது.

"செந்தூலில் என் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை 12 வருடமாக நன்றாக ஓடுகிறது. 11 மாதத்துக்கு முன் பூச்சோங்கில் இரண்டாவது கடை போட்டேன். ரெனோவேஷன் 46,000 வெள்ளி. மாதம் 23,300 வெள்ளி வியாபாரம் ஆகிறது, வாடகை, ஆள் சம்பளம், மின்சாரம் எல்லாம் 18,000, சாமான் செலவு விற்பனையில் 40 விழுக்காடு. மாதம் சுமார் 4,000 கையைக் கடிக்கிறது. மனைவி மூடு என்கிறார். இவ்வளவு போட்டுவிட்டு எப்படி மூடுவது? ஒப்பந்தம் இன்னும் 13 மாதம் இருக்கிறது."
– வாசகர், செந்தூல்

தம்பி, "இவ்வளவு போட்டுவிட்டு எப்படி மூடுவது" என்ற அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன், ஏனென்றால் அதே வார்த்தையை ஒரு காலத்தில் நான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். மஸ்ஜித் இந்தியா பக்கம் எனக்குத் திருமணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை இருந்தது, நல்ல பெயர். அந்தத் தைரியத்தில் ஒரு பேரங்காடியின் மூன்றாவது மாடியில் இன்னொன்று திறந்தேன். ஐந்தாவது மாதமே அது ஓடாது என்று எனக்குத் தெரியும். எஸ்கலேட்டரில் ஏறி வருகிற ஆட்களில் எத்தனை பேர் என் பக்கம் திரும்புகிறார்கள் என்று பழைய பத்திரிகை அட்டையின் பின்பக்கம் கோடு போட்டு எண்ணுவேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க 23 கோடு. அப்படியும் 19 மாதம் இழுத்தேன். மனைவியின் வளையல் நான்கும் அடகுக் கடைக்குப் போய் இரண்டு மட்டும் திரும்பி வந்தன. போட்ட பணத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்த பணத்தையும் அதிலே கொட்டினேன்.

இது நம் இருவருக்கு மட்டும் வந்த புத்தி இல்லை. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக அரங்கில் நாடகச் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையிலும், சிலருக்கு, சொல்லாமல் கொள்ளாமல், குறைந்த விலையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். நாடகம் ஒன்றுதான், ஆனால் சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிகமாக வந்து உட்கார்ந்தார்கள். 1985-இல் வெளியான ஆய்வு அது. கொடுத்த காசு கண்ணை உறுத்தும்வரை மனிதன் எழுந்து போக மாட்டான்.

ஆகவே 46,000-ஐயும் 11 மாத நஷ்டமான 44,000-ஐயும் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். கடையை வைத்திருந்தாலும் மூடினாலும் அது வராது. இன்றைக்கு மேல் என்ன என்பதை மட்டும் பார்ப்போம்.

100 வெள்ளி விற்றால் சாமான் போக 60 நிற்கிறது. 18,000-ஐ அடைக்க மாதம் 30,000 விற்க வேண்டும். மாதம் 26 நாள் கடை, ஓர் இலைக்குச் சராசரி 14 வெள்ளி என்று வைத்தால், ஒரு நாளைக்குச் சுமார் 82 இலை போக வேண்டும். இப்போது போவது 64. உங்கள் பிரச்சினையின் உண்மையான உருவம் இதுதான்: 18 இலை. இராத்திரி தூக்கம் கெடுக்கிற 90,000-ஐவிட இது கைக்குள் அடங்குகிற எண், இல்லையா?

இந்த 18 இலை வருமா என்று 8 வாரம் பாருங்கள். செந்தூல் கடையில் கூட்டத்தைக் கட்டிப் போடுகிற அந்த அண்ணனையோ அக்காவையோ பூச்சோங்குக்கு அனுப்புங்கள், ஏனென்றால் உங்கள் கடையின் ருசியும் உபசாரமும் அந்த ஒருவர் கையில் இருக்கலாம். நடந்து வருகிற தூரத்தில் உள்ள அலுவலகங்களுக்குப் பொட்டலச் சாப்பாடு பேசிப் பாருங்கள். உணவு விநியோகச் செயலியில் இருந்தால் அவர்கள் எடுத்துக்கொள்ளும் கமிஷனைக் கழித்துவிட்டுத்தான் இலையை எண்ண வேண்டும், 14 வெள்ளியில் 25 விழுக்காடு போனால் 3 வெள்ளி 50 சென், சாமான் செலவும் போக உங்களுக்கு நிற்பது 4 வெள்ளி 90 சென்தான்.

எட்டு வாரத்துக்குச் செலவழிக்கும் தொகையை இன்றே எழுதி, கீழே நீங்களும் மனைவியும் கையெழுத்துப் போடுங்கள். எட்டாவது வாரச் சராசரி 75-ஐத் தொடவில்லை என்றால் மூடுவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். நஷ்டத்தின் நடுவில் நின்றுகொண்டு எல்லையைத் தீர்மானித்தால் மனம் அதைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போகும், என் 19 மாதமும் அப்படித்தான் போயிற்று.

மூடுவது என்றால் முதலில் ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். மீதி 13 மாத வாடகையையும் கேட்கும் ஷரத்து இருக்கிறதா, வேறொருவரை உட்கார்த்திவிட்டுப் போகலாமா, இரண்டு மாத முன்பணம் என்னாகும், இதையெல்லாம் கடை உரிமையாளரிடம் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டால் நல்லது. இப்போதே மூட்டை கட்டாமல் இழுத்துக்கொண்டே போனால் 13 மாதத்தில் இன்னும் 52,000 வெள்ளி போகும், கடை உரிமையாளரோடு பேரம் பேசும்போது அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அகலக்கால் வைத்துவிட்டோம் என்று வெட்கப்பட வேண்டாம். செந்தூல் கடை 12 வருடமாக நிற்கிறதே, அதைச் சாய விடாதீர்கள்.

"பிரிக்ஃபீல்ட்ஸில் மணவறை அலங்காரம் செய்கிறோம். 14 பேக்கேஜ் வைத்திருக்கிறோம். முகநூலில் மாதம் 500 வெள்ளிக்கு விளம்பரம், லைக் நிறைய வருகிறது, முன்பதிவு இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டுகிறோம்."
– வாசகி, கோலாலம்பூர்

14 பேக்கேஜையும் எனக்கு அனுப்பியிருந்தீர்கள், நான் இரண்டு தடவை படித்தேன், ஆறாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. கல்யாணப் பெண் வீட்டார் அந்தப் பத்து நிமிடத்தில் அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் ஒரு சமயம் 24 வகை ஜாமும், இன்னொரு சமயம் 6 வகையும் ருசிக்க வைத்தார்கள். 24 வகை இருந்தபோது 60 விழுக்காட்டினர் நின்று பார்த்தார்கள், அவர்களில் வாங்கியது 3 விழுக்காடு. 6 வகையில் நின்றவர் 40 விழுக்காடுதான், ஆனால் நின்றவர்களில் 30 விழுக்காட்டினர் வாங்கினார்கள். பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் இப்படியே வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நிறைய லைக், முன்பதிவு பூஜ்யம் என்பது அந்த 24 வகை மேசைக்கு முன்னால் நிற்கும் கூட்டம் மாதிரியே இருக்கிறது. மூன்றாகக் குறையுங்கள், மூன்றிலும் விலையைப் போடுங்கள். "விலைக்கு பிஎம்" (தனிச் செய்தி அனுப்புங்கள்) என்று எழுதுவதை நிறுத்துங்கள். விலை கேட்கவே கூச்சப்படுகிற குடும்பங்கள் நம்மில் ஏராளம், அவர்கள் கேட்காமலேயே போய்விடுவார்கள்.

500 வெள்ளியை இரண்டு மாதம் நிறுத்திவிட்டு, போன வருடம் முன்பதிவு செய்தவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எங்களை எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். மண்டபத்துக்காரர் சொன்னாரா, புகைப்படக்காரர் சொன்னாரா, மாமி வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தார்களா, பதிலை 555 புத்தகத்தில் கோடு போட்டு வாருங்கள். எந்தப் பக்கம் கோடு அதிகமோ அந்த ஆட்களை நேரில் போய்ப் பாருங்கள், 500 வெள்ளியில் ஒரு பங்கு அங்கே போகட்டும். புலனத்தில் ஒளிபரப்புப் பட்டியல் போட்டு அனுப்புகிறீர்கள் என்றால், உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும், அதனால் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் வேலை முடிந்து தூணைக் கழற்றும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

ஆடிக்கும் மார்கழிக்கும் முகூர்த்தம் இல்லைதான். ஆனால் தை, ஆவணிக் கல்யாணத்துக்கு வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது அந்த மாதங்களில்தானே. அப்போது கடையில் ஒரு மணவறையை விளக்குப் போட்டு முழுதாக நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் குடும்பத்தோடு வந்து பார்க்கச் சொல்லுங்கள். பெண்ணும் அம்மாவும் அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும், வீட்டுக்குப் போய் அத்தைக்கும் பாட்டிக்கும் அனுப்புவார்கள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, தேதியை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.