ஒரே ஒரு தடவை பார்ட்டியில் போதை மாத்திரை எடுத்தால் என்ன ஆகிவிடும்?

உங்கள் தம்பிக்கு 17 வயது, நண்பர்களோடு பார்ட்டிக்குப் போகிறான், அடிமையானால்தானே ஆபத்து, ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் என்ன என்று உங்களிடமே கேட்கிறான் என எழுதியிருக்கிறீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருப்பவள் என்பதால் சொல்கிறேன். அடிமையாவது பிற்பாடு வருவது. எங்களிடம் தூக்கிக்கொண்டு வரப்படும் பிள்ளைகளில் பலருக்கு அதுதான் முதல் தடவை.

எக்ஸ்டஸி என்ற பார்ட்டி போதை மாத்திரை என்று கையில் கொடுப்பது எக்ஸ்டஸிதானா என்று விற்பவனுக்கே தெரியாது. அந்தப் பெயரில் பிஎம்ஏ என்ற வேறொரு ரசாயனமும் விற்கப்படுகிறது. அது மெதுவாகத்தான் ஏறும். "ஒண்ணும் ஆகலையே" என்று இன்னொன்றைப் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

சரி, உண்மையான எக்ஸ்டஸியாகவே இருக்கட்டும். அது உடம்பின் சூட்டை ஏற்றும், களைப்பை உணர விடாது. நெரிசலான அறையில் மணிக்கணக்காக ஆடினால் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டலாம். தசைகள் சிதையும், அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். இதற்குப் பயந்து லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிப்பதும் ஆபத்துதான். சிறுநீர் வெளியேறாதபடி தடுக்கும் ஹார்மோனை இந்த மருந்து கூட்டிவிடுகிறது. குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கி, ரத்தத்தில் சோடியம் இறங்கி, மூளை வீங்கி வலிப்பு வரும். பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

நான் மிகவும் பயப்படுவது ஜிஎச்பி என்ற போதைத் திரவத்துக்கு. நிறம் கிடையாது, லேசான உப்புச் சுவை மட்டும்தான். போதை தரும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு, மது சேர்ந்தால் அதுவும் போய்விடும். அடுத்தவர் கிளாஸில் தெரியாமல் கலந்துவிடவும் முடியும். சிறுநீரில்கூட ஏறக்குறைய 12 மணி நேரத்தில் தடயம் மறைந்துவிடுவதால், அப்படி மயக்கப்பட்டுப் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண் மறுநாள் மாலை வந்தால் நிரூபிப்பது கஷ்டம்.

பார்ட்டிகளில் போதைக்காக எடுக்கும் கெட்டமைன் ஆஸ்பத்திரியில் நாங்களே பயன்படுத்தும் மயக்க மருந்துதான், ஆனால் பக்கத்தில் ஆளும் மானிட்டரும் இருக்கும். அதைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்கிவிடலாம்.

இத்தனைக்கும் மேல் எனக்கு ஆற்றாமையாக இருப்பது தாமதம்தான். "மட்டை ஆயிட்டான், தூங்கட்டும்" என்று ஓர் ஓரமாக மல்லாக்கப் படுக்க வைத்துவிடுகிறார்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடும், போலீஸ் வரும் என்ற பயம். அந்த நேரத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அதனால் தம்பியிடம் "எடுக்காதே" என்பதோடு நிறுத்தாமல் இதையும் சொல்லுங்கள்: எவனாவது தட்டி எழுப்பியும் எழவில்லை, உடம்பு அனலாகக் கொதிக்கிறது, வலிப்பு வருகிறது, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆள் வரும்வரை தனியே விடக் கூடாது. மூச்சே இல்லையென்றால் போனை வைக்காமல் அவர்கள் சொல்கிறபடி நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். எந்த நேரமானாலும் உங்களுக்குப் போன் செய்யலாம், அப்போது திட்டமாட்டீர்கள் என்று இப்போதே வாக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன எடுத்தான், எப்போது, கூட என்ன குடித்தான் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மிச்ச மாத்திரை இருந்தால் அதையும் கொண்டுவரட்டும். சாதாரணப் பரிசோதனையில் இவற்றில் பல தெரியாது, கூட வந்தவர்கள் சொல்வதை வைத்துத்தான் முதல் சில நிமிடங்களை ஓட்டுகிறோம்.