காலால் தட்டிய பந்து

மதிப்புக்குரிய ஐயா,

நாங்கள் நாலு பேர் சனிக்கிழமைக் காலைகளில் திருகோணமலைச் சீனக்குடாவில், விமானப்படை மைதானத்தில் கோல்ஃப் ஆடுகிறோம். பழகத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. போட்டிகளுக்குப் போவதில்லை, ஆட்டத் திறனுக்கு இடும் ஹன்டிகெப் எண்ணும் இல்லை. பந்து மரவேருக்குள் மாட்டினால் காலால் கொஞ்சம் தட்டி வெளியே விடுவோம். தொலைந்தால் அந்த இடத்திலேயே இன்னொன்றைப் போட்டு ஒரு அடி கூட்டுவோம். முதல் அடி பிழைத்தால் திரும்ப அடிப்போம். குழிக்குக் கிட்ட வந்தால் ‘காணும், எடு’ என்போம். என் மச்சான் மட்டும் எதற்கும் ஒத்துவரமாட்டார். போன கிழமை நான் பதினெட்டுக் குழிக்கும் மொத்தம் 97 அடி என்றேன். அவர் பென்சிலை எடுத்துக் கூட்டி 108 என்றார். இப்போது இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. பொழுதுபோக்குக்கு ஆடுகிற எங்களுக்கு முழுச் சட்டமும் எதற்கு? மச்சானுக்கு என்ன சொல்லலாம்? இது பணக்காரரின் விளையாட்டு என்று அப்பா ஏசுகிறார், அதற்கும் ஒரு பதில் வேண்டும். கையுறை இரண்டு கைக்கும் போட வேணுமா?

க., உப்புவெளி

அன்புள்ள தம்பி க.,

அப்பாவுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அவர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. அதை நீங்கள் வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்த 97க்கும் 108க்கும் நடுவில் கிடக்கும் பதினொரு அடிக்காக. அது உம்முடைய நாலு பேரின் வில்லங்கம் மட்டுமல்ல. இந்த விளையாட்டை எங்கே சும்மா ஆடினாலும் அந்தப் பதினொன்று எங்காவது தொலைகிறது.

சட்டத்தைத் தளர்த்தலாமா என்று கேட்கிறீர். தாராளமாகத் தளர்த்தலாம். 304 சீட்டு ஆடுகிற நாட்டில் இதைக் கேட்கவேண்டியதே இல்லை. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயீன் 2. ஒரு சாதிச் சீட்டுக்கு 76, நாலு சாதிக்கும் 304. இந்தக் கணக்கு எந்த வீட்டிலும் மாறாது. மற்றதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். விருந்தாளியாகப் போனவர் முதலில் ‘இங்கே எப்படி ஆடுறனீங்கள்?’ என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டைத் தொடுவார். ஆனால் துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகு, கையிலுள்ள சீட்டைப் பார்த்துவிட்டு, ‘இன்றைக்குத் துரும்பை மாற்றுவோமே’ என்று யாராவது சொல்லிப் பார்த்திருக்கிறீரா? நீர் சீனக்குடாவில் செய்வது அதைத்தான். பந்து வேருக்குள் போன பிறகு வேருக்கு ஒரு சட்டம் பிறக்கிறது. பட், அதாவது குழிக்குள் உருட்டிவிடும் அடி, தவறும் போலத் தெரிந்த பிறகு ‘காணும்’ பிறக்கிறது. உப்புவெளிக் கடற்கரையில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் பொடியன்கள்கூட, தண்ணீருக்குள் அடித்தால் அவுட் என்பதை முதல் பந்துக்கு முன்னமே சொல்லிவிடுகிறார்கள்.

இந்த விளையாட்டுக்கு நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய எழுத்துச் சட்டம் 1744இல் ஸ்கொட்லாந்தின் லீத்தில் எழுதப்பட்டது. மொத்தம் பதின்மூன்று விதி. அதில் கடைசி விதியே ஒரு தளர்வுதான். புல்வெளியைக் காக்க வெட்டிய கிடங்கு, பள்ளிப் பிள்ளைகளின் குழிகள், சிப்பாய்களின் அகழிகள் இவற்றில் பந்து விழுந்தால் அது இடராகக் கொள்ளப்படாது, பந்தை வெளியே எடுத்து உயர்த்தி வைத்து இரும்புக் கோலால் அடிக்கலாம் என்கிறது. விமானப்படையின் மைதானத்தில் ஆடுகிற உமக்கு அந்தச் சிப்பாய் அகழி விளங்கும். அவர்கள் தங்கள் நிலத்தைப் பார்த்தார்கள், எங்கே அநியாயம் நடக்கும் என்று யோசித்தார்கள், ஆட்டத்துக்கு முன் எழுதிவைத்தார்கள். பந்து அகழிக்குள் விழுந்த பிறகு ஆளையாள் பார்த்துக் கண் சிமிட்டிக்கொள்ளவில்லை.

இனி உம்முடைய தொலைந்த பந்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் நிற்பேன், பொறுத்துக்கொள்ளும். பதினொன்றில் பெரும் பங்கு இங்கேதான் போயிருக்கும்.

டீயிலிருந்து, அதாவது ஒரு குழிக்கு முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து, 200 யார் அடித்தீர், பந்து பற்றைக்குள் போய்விட்டது என்று வைப்போம். அங்கேயே இன்னொரு பந்தைப் போட்டு, ‘ஒரு அடி தண்டம்’ என்று பெருந்தன்மையாகச் சொல்லி, அடுத்ததை மூன்றாவது அடி என்று எண்ணுகிறீர். தண்டம் கட்டிவிட்டேனே என்ற நிம்மதி வேறு. உண்மையான சட்டம் என்ன? அடித்த இடத்துக்கே திரும்பிப் போகவேண்டும், ஒரு அடி தண்டம், அங்கிருந்து அடிப்பது மூன்றாவது. அதுவும் 200 யார் நன்றாகப் போனால், நீர் இப்போது நிற்கும் தூரத்திலிருந்து அடிப்பது நாலாவது. நீர் கட்டியது அடித் தண்டம் மட்டும். தூரத்தைக் கட்டவில்லை. பிழையாய் அடித்த அடியின் 200 யாரையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டீர். ஒவ்வொரு தொலைந்த பந்துக்கும் ஒரு அடி களவு. நாலு பந்து தொலைத்தீர் என்றால் மச்சானின் பென்சில் அதிலேயே நாலு கூட்டியிருக்கும். 1744இன் எட்டாம் விதியும் இதுதான்: கடைசியாக அடித்த இடத்துக்குத் திரும்பிப்போய் இன்னொரு பந்தைப் போடு, அந்தத் துரதிர்ஷ்டத்துக்காக எதிராளிக்கு ஒரு அடி கொடு. துரதிர்ஷ்டம் என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள், ஆனாலும் விலையைக் குறைக்கவில்லை.

‘சனிக்கிழமை கூட்டத்தில் 200 யார் திரும்பி நடந்தால் பின்னால் வருகிறவர்கள் கொன்றுவிடுவார்கள்’ என்பீர். சரிதான். அதற்கும் வழி எழுதப்பட்டிருக்கிறது. 2019இல் சட்டத்தை 24 விதிகளாகச் சுருக்கித் திருத்தியபோது, உயர்மட்டப் போட்டிகளுக்கல்ல, உம்மைப் போன்றவர்களின் ஆட்டத்துக்கு என்றே, மைதானங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் மாதிரி உள்ளூர் விதி ஒன்றைத் தந்தார்கள். ஈ-5 என்பது அதன் இலக்கம். பந்து எங்கே தொலைந்தது, அல்லது எல்லையை எங்கே தாண்டியது என்று நேர்மையாக ஒரு இடத்தை மதியும். அந்த இடத்தைவிடக் குழிக்குக் கிட்டப் போகாமல், ஃபெயார்வேயின், அதாவது டீக்கும் குழிக்கும் நடுவே குட்டையாக வெட்டிய புல்லின், ஓரத்தில் மிக அருகிலுள்ள புள்ளியைப் பாரும். அந்தப் புள்ளியிலிருந்து ஃபெயார்வேக்குள் இரண்டு கிளப் நீளம் வரை வரலாம். கிளப் நீளம் என்றால் குழிக்குள் உருட்டும் பட்டரை விட்டுவிட்டு உம்மிடமுள்ள மிக நீளமான கோல். முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடும். தண்டம் இரண்டு அடி. டீயில் அடித்தது ஒன்று, தண்டம் இரண்டு, இப்போது அடிப்பது நாலு. பார்த்தீரா, திரும்பி நடந்து நன்றாக அடித்தவனின் கணக்கும் நாலு, உமதும் நாலு. நடை மிச்சம், களவு இல்லை. பற்றைக்குள் குனிந்து நிற்கத் தேவையில்லை, நல்ல புல்லில் நிற்கிறீர். அந்த இரண்டாவது தண்டம் அதற்கான விலை.

இதில் ஒரு கண்ணி உண்டு. முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்று முன்னேற்பாடாக அடிக்கும் புரொவிஷனல் பந்தை அடித்துவிட்டால் ஈ-5ஐ எடுக்க முடியாது. இரண்டிலொன்றுதான். புரொவிஷனல் அடிப்பதென்றால் அடிக்கமுன் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லும். ‘இன்னொன்று அடிக்கிறேன்’ என்றால் போதாது. அப்படிச் சொல்லி அடித்தால் புதுப்பந்தே ஆட்டப்பந்தாகிவிடும், பழையது கண்முன் கிடந்தாலும் அது செத்த பந்து. தேடும் நேரம் மூன்று நிமிடம். முன்பு ஐந்தாக இருந்தது. நீரோ உம்முடைய கோல் பையைத் தூக்கிவரும் கெடியோ தேடத் தொடங்கிய கணத்திலிருந்து எண்ணவேண்டும். ‘கேடி’ என்று எழுதினால் பொலிஸ் சங்கதியாகிவிடும் என்பதால் கெடி என்றே எழுதுகிறேன்.

வேருக்கு வருகிறேன். இங்கேதான் உம்மைக் கொஞ்சம் ஏசவேண்டும். வேரோடு சேர்த்து அடித்தால் கோலின் தண்டு முறியும், மணிக்கட்டும் போகும். அடிக்காதீர். ஆனால் காலால் தட்டுவது எந்த ஊர்த் தளர்வும் இல்லை தம்பி. தட்டியவருக்கே எவ்வளவு தூரம் தட்டினோம் என்று தெரியாது. குழிக்குக் கிட்டவா எட்டவா என்று தெரியாது. முக்கியமாக, மற்ற மூன்று பேருக்கும் தெரியாது. கையால் எடுத்துச் செய்யும். சட்டப்படி ‘ஆடமுடியாத பந்து’ என்று சொல்லி, ஒரு அடி தண்டத்தோடு இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்குக் கிட்டப் போகாமல் விடலாம். அது கனதியாகப் படுகிறதா? ஃபெயார்வேயிலும் அதன் அருகிலும் நிலத்துக்கு மேலே கிளம்பிய வேர், கல் ஆகியவற்றிலிருந்து தண்டமில்லாமல் விலகவும் மாதிரி உள்ளூர் விதி ஒன்று உண்டு, எஃப்-9. மைதானக் குழு அதை அறிவித்திருந்தால் சரி. இல்லையென்றால் நீங்கள் நாலு பேரும் முதல் டீயில் ஏற்றுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் கிடக்கும் வேருக்கு அது செல்லாது. காட்டுக்குள் அடித்தது வேரின் குற்றமல்ல.

திரும்ப அடிக்கும் அந்த மலிகன் பற்றி எழுத ஒன்றுமில்லை. சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. வேண்டுமென்றால் முதல் டீயில் ஆளுக்கு ஒன்று, அதோடு முடிந்தது.

‘காணும், எடு’ என்பதற்கு ஆளுக்கு ஆள் மோதும் ஆட்டத்தில் இடம் உண்டு. அங்கே எதிராளி விட்டுக்கொடுக்கலாம், கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது. மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில் இடமில்லை, குழிக்குள் போட்டே ஆகவேண்டும். நீர் 97 என்று மொத்தம் சொன்னவர், ஆகையால் இரண்டாவது வகை. தளர்த்தத்தான் போகிறீர்கள் என்றால் அளவைப் பிடியுங்கள். ‘பட்டரின் பிடிக்குள்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். ஒருவர் பட்டரின் தலையைக் குழியில் வைத்துப் பிடி தொடங்கும் இடம்வரை அளப்பார், அது இரண்டு அடி நீளம் வரும். இன்னொருவர் பிடியின் நீளத்தை மட்டும் அளப்பார், அது ஒரு அடி நீளம்கூட வராது. சண்டை அங்கேயே தொடங்கிவிடும். ஒரு அடி நீளம், பன்னிரண்டு அங்குலம், என்று வையுங்கள். எடுத்த பந்துக்குக் கணக்கில் ஒரு அடி கூட்ட மறவாதீர். பலருடைய கணக்கில் ‘காணும்’ என்றவுடன் பந்து தானாகக் குழிக்குள் போய்விடுகிறது.

எங்கள் ஊர்க் காலநிலைக்கும் இரண்டு வார்த்தை. ஐப்பசி தொடங்கித் தை வரை மழையில் ஃபெயார்வே சேறாகும். அப்போது ‘எடுத்துத் துடைத்து வைக்கலாம்’ என்ற ஈ-3ஐ ஏற்றுக்கொள்ளுங்கள், ஆறு அங்குலம் என்று அளவையும் சொல்லிவிடுங்கள். வைப்பது ஒரு தடவைதான். வைத்துப் பார்த்துப் பிடிக்காமல் திரும்ப வைப்பது கிடையாது. மழைநீர் தேங்கி நின்றால் அதற்கு உள்ளூர் விதியே தேவையில்லை, முழுச் சட்டமே தண்டமில்லாமல் விலகவிடுகிறது. வேனிலில் கச்சான் காற்று வீசும்போது, குழியைச் சுற்றியுள்ள கிரீனில் நிற்கும் பந்து தானாக உருளும். நீர் அதை அடையாளமிட்டு எடுத்துத் திரும்ப வைத்த பிறகு காற்று நகர்த்தினால், பழைய இடத்திலேயே வையும். இன்னும் எடுக்காத பந்தைக் காற்று நகர்த்தினால், போன இடத்திலிருந்து அடியும். எடுக்காத பந்தைக் கச்சான் குழிக்குள்ளேயே தள்ளிவிட்டால் முன் அடியோடு குழி முடிந்தது. உம்முடைய மச்சான் இதை நம்பமாட்டார். சட்டப்புத்தகத்தைக் காட்டும், அவர்தானே புத்தகப் பிரியர்.

மச்சானுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர். அவர் கூட்டியது சரி, கூட்டிய நேரம் பிழை. பதினெட்டாவது கிரீனில் பென்சிலை எடுக்கிறவர் முதல் டீயில் எங்கே போனார்? அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறவாதீர். போட்டி ஒன்றில், பொருந்தும் என்று தெரிந்த விதியையோ தண்டத்தையோ கவனிக்காமல் விடுவோம் என்று இரண்டு பேர் பேசி ஒத்துக்கொண்டாலே இருவருக்கும் தகுதி நீக்கம். உங்கள் சனிக்கிழமை போட்டியல்ல, அதனால் ஆடுங்கள். ஆனால் நாளைக்கு ஹன்டிகெப் எடுக்க ஆசை வந்தால் அந்த 97ஐ யாரிடமும் நீட்டாதீர். அங்கேயும் கருணை இருக்கிறது. ஹன்டிகெப் கிடைக்கும்வரை ஒரு குழிக்கு பாருக்கு, அதாவது அந்தக் குழிக்கு வகுத்த அடி எண்ணிக்கைக்கு, மேல் ஐந்தே உச்சம், பார் நாலில் பதினாலு அடித்தாலும் ஒன்பதுதான் எழுதப்படும். அந்த உச்சத்தைச் சனிக்கிழமையும் வைத்துக்கொள்ளலாம். ஒன்பது வந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு நடவும். பின்னால் வருகிறவர்கள் வாழ்த்துவார்கள்.

ஒரு சின்னக் கடதாசியில் எழுதிப் பையில் வையுங்கள்: தொலைந்தால் இரண்டு அடி தண்டம், ஃபெயார்வேயில். ஃபெயார்வேயை அடுத்த வேருக்குத் தண்டமில்லாமல் ஒரு கிளப் நீளம், கையால். குழிக்கு ஒரு அடி நீளத்துக்குள் எடுக்கலாம், கணக்கில் ஒன்று கூட்டி. மலிகன் ஒன்று. உச்சம் பார் கூட்டல் ஐந்து. முதல் டீயில் அதை வாசிக்கிற வேலையை மச்சானிடமே கொடும்.

கையுறை ஒன்று போதும். வலக்கைக்காரர் என்றால் இடக்கைக்கு. எங்கள் புழுக்கத்தில் மூன்று நாலு குழிக்குள் நனைந்துவிடும், ஆகவே பையில் இன்னொன்றை வைத்து மாற்றி மாற்றிப் போடும். நனைந்ததை வெயிலில் காயப்போடாதீர், தோல் விறைத்து வெடிக்கும். நிழலில், விரல்களை இழுத்து நேராக்கி, விரித்து வையும்.