ஃபேன் யார் பக்கம் திரும்பியிருக்கிறது?

கேள்வி: ரங்கூன் தாமுவேயில் சின்னதாக ஒரு தையல் கூடம் நடத்துகிறேன். எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கிதான் எங்கள் தொழில். ஜூனில் பள்ளி திறக்கும் முன் மூச்சுவிட நேரமிருக்காது. அந்த நேரம் பார்த்து லைன்தயா தொழிற்பேட்டை ஆலைகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இப்போதைக்குச் சம்பளம் கூட்ட வழியில்லை. அதிகச் செலவில்லாமல் அவர்களை உற்சாகப்படுத்த என்ன செய்யலாம், அக்கா? மாதாமாதம் 'சிறந்த தொழிலாளி' என்று படம் மாட்டலாமா? பாட்டுப் போடலாமா?

பதில்: படம் வேண்டாம் தங்கச்சி, அதில் நான் சூடுபட்டவள். அச்சகம் வைத்திருந்தபோது பைண்டிங் செய்த ஒரு பெண்ணின் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். மறுநாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள் பக்கம் பசை டப்பாவை நகர்த்தவே இல்லை. மூன்றாம் நாள் படத்திலிருந்தவளே வந்து, "கழற்றிவிடுங்க அக்கா" என்றாள். ஆணிதான் மிச்சம்.

உற்சாகத்துக்கு முன்னால் கணக்கைப் பாருங்கள். 1951-ஆம் ஆண்டின் விடுப்புச் சட்டப்படி, ஒரு வருடம் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு 10 நாள் விடுப்பு உண்டு. அதுபோகத் தற்செயல் விடுப்பு வருடத்துக்கு 6 நாள். இதைச் சலுகை மாதிரி நீட்டக் கூடாது. சம்பளத்தைப் பத்து நாள் தள்ளிக் கொடுத்துவிட்டுக் காலையில் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) வாங்கிக் கொடுத்தால் அது தொண்டையில் இறங்காது.

சரி, உங்களிடம் காசில்லை, நேரம் இருக்கிறது. அதைக் கொடுங்கள். பர்மியப் பெண்களுக்குப் பிறந்தநாள் என்றால் காலையில் பிக்குகளுக்கு உணவு படைக்க வேண்டும். பிக்குகள் நண்பகலுக்கு மேல் சாப்பிடமாட்டார்கள். அதனால் வேலை முடிந்து போய்ச் செய்ய முடியாது. எட்டுப் பேரின் பிறந்தநாளையும் கேட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். (கேட்டால் கிழமையையும் சேர்த்துச் சொல்வார்கள், இங்கே கிழமைக்குத்தான் மதிப்பு!) அன்று காலை மடத்துக்குப் போய்விட்டு மதியம் வந்தால் போதும் என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். நம் பெண்களுக்குச் சித்திரை முதல் நாள் தண்ணீர்த் திருவிழா விடுமுறையோடு சேர்ந்து வந்துவிடும். தைப்பூசத்துக்குத்தான் லீவு கேட்கக் கூச்சப்படுவார்கள். அதையும் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கரண்ட் போனால், வரும் வரும் என்று மிஷின் முன்னால் உட்கார வைக்காதீர்கள். இன்றைக்கு இத்தனை உருப்படி, முடித்தவர் வீட்டுக்குப் போகலாம் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். யார் வெட்டுவது, யார் ஓவர்லாக் என்பதை அவர்களே பிரித்துக்கொள்ளட்டும். பாட்டும் அப்படித்தான்: ஆளுக்கொரு நாள் முறை. நீங்கள் தலையிட்டால் சண்டை உங்கள் தலையில்.

அப்புறம், ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு மூலையில் இருக்கும் மிஷினில் போய் உட்காருங்கள். நான் அப்படி உட்கார்ந்த அன்றுதான், எங்கள் ஒரே ஃபேன் என் மேஜையைப் பார்த்து நிற்பது தெரிந்தது. அத்தனை வருடம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. திருப்பி வைக்க எனக்கு ஒரு காசும் ஆகவில்லை, வெட்கம்தான்.

இதெல்லாம் செய்தும் சிலர் லைன்தயா போகத்தான் செய்வார்கள். கூலி கூட கிடைக்கிறதே, தப்பில்லை. போகிறவளுக்குப் பாக்கியை அன்றைக்கே எண்ணிக் கொடுங்கள். என்னிடமிருந்து அப்படிப் போன ஒருத்தி, டிசம்பரில் காலண்டர் வேலை நெருக்கும்போது தானாக வந்து நின்றாள், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு.